ஷார்ப்வில்லுக்கு மெழுகுவத்தி, வெண்மணிக்கு 'உள்விவகாரம்'

சென்னையில் உலகத்தைப் பார்க்க பாஸ்போர்ட் எடுக்க வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பிரான்சும் ஜெர்மனியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கா. கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்யா. நாடு உடைந்தும் கட்டடம் உடையவில்லை. 2003இலிருந்து பன்னாட்டுத் திரைப்பட விழா. 2023 ஜனவரியில் தமிழக அரசே தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் காட்சி. நடுநடுவே கருத்தரங்கு, கலந்துரையாடல், ஓவியக் காட்சி, உணவுத் திருவிழா, ஜாஸ் இரவு. அழைப்பிதழின் அடியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: அனைவரும் வருக, அனுமதி இலவசம்.

இந்த 'அனைவரும்' என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'இவங்களுக்கு எதுவுமே பிடிக்காது' என்று ஆரம்பித்துவிடுவார்கள். உலகம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஊர் நம்மைத் தள்ளிவைத்த போதெல்லாம் உலகத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதி, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பர் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், தீண்டப்படாதவர்களும் அப்படியொன்று கொடுக்க எண்ணுகிறார்கள் என்று கேட்டு எழுதிய கடிதம் அது. 1966இல் ஓக்லாந்தில் பிறந்த 'பிளாக் பேந்தர்ஸ்' பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் 'தலித் பேந்தர்ஸ்' பிறந்தது. கறுப்பர் எழுத்தைத் தமிழில் கொண்டுவந்து கைமாற்றிப் படித்த சிறுபத்திரிகைகள் இல்லாமல் இங்கே தலித் இலக்கியம் என்ற பேச்சு இந்த வேகத்தில் எழும்பியிருக்காது. எனவே நம்மிடம் வந்து உலகப் பார்வை பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். நம் கேள்வி வேறு. இந்த அரங்குகளில் விரித்துக் காட்டப்படும் உலகப் படத்தில் சேரி எங்கே இருக்கிறது?

சில வருஷங்களுக்கு முன்னால் இப்படிப்பட்ட மையம் ஒன்றில் தென்னாப்பிரிக்க நிறவெறி பற்றி ஒரு படம் போட்டார்கள். எந்த மையம் என்பது முக்கியமில்லை. இது ஒரு கட்டடத்தின் குணமல்ல. படத்தில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதிய பெஞ்சு வருகிறது. ஒரு கிழவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். உட்காரவில்லை. அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. முன்வரிசையில் இருந்த அம்மையார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்கைப் போட்டதும் கலந்துரையாடல். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் மேடையில். எங்களோடு வந்திருந்த விடுதி மாணவன் எழுந்தான். விழுப்புரம் பக்கத்துப் பையன். தமிழில் கேட்டான்: "எங்க ஊரு டீக்கடையில எங்களுக்குத் தனி கப்பு, ஊருக்காரங்களுக்குக் கண்ணாடி கிளாஸு. அந்தப் பெஞ்சுக்கும் இந்தக் கிளாஸுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

மேடையில் இருந்த நம்மூர் ஒருங்கிணைப்பாளர் அழகாகச் சிரித்தார். நல்ல கேள்வி, ஆனால் இது உள்ளூர்ப் பிரச்சினை, இன்றைக்கு நாம் பன்னாட்டுப் பொருளில் நிற்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. பையன் என்ன கேட்டான் என்று அவர் விசாரித்தார். ஒருங்கிணைப்பாளர் குனிந்து சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது: "கிராமப்புற வறுமையைப் பற்றிக் கேட்கிறார்."

விருந்தினர் வருத்தத்தோடு தலையாட்டினார். வறுமை எல்லா நாட்டிலும் இருக்கிறது என்றார். கைதட்டினார்கள்.

இந்த மொழிபெயர்ப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏதோ அவசரத்தில் வாய் தவறியது என்று விட முடியாது. சாதி என்று கேட்டதை வறுமை என்று பெயர்ப்பது ஒரு நீண்ட பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு அரசாங்க முத்திரையும் உண்டு.

1965இல் ஐ.நா. சபை இனப் பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இனம், நிறம், தேசியம் என்று அடுக்கும் அதன் முதல் பிரிவில் 'வம்சாவளி' என்றொரு சொல்லும் உண்டு. அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்திய அரசுதான். 1968 டிசம்பர் 3ஆம் தேதி இந்தியா அந்த உடன்படிக்கையை உறுதிசெய்தது. டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேரைக் கொளுத்தினார்கள். இடையில் 22 நாள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். அரைப்படி நெல் கூடக் கேட்டதுதான் குற்றம். அதைக் 'கூலித் தகராறு' என்றார்கள். 'விவசாயிகள் மோதல்' என்றார்கள். எரிந்தது சேரி, எரித்தது ஊர் என்பது மட்டும் அந்த மொழிபெயர்ப்பில் விடுபட்டுப் போனது. நம்முடைய இடதுசாரித் தோழர்களுக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1996இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று இந்தியாவிடம் சொன்னது. இல்லவே இல்லை என்று சாதித்தது இந்திய அரசு. தான் எழுதிக் கொடுத்த சொல்லுக்குத் தானே அர்த்தம் மறுத்தது. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு. சாதியையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட தலித்துகள் இங்கிருந்து போனார்கள். சாதி இனமல்ல, அது உள்நாட்டு விவகாரம், அரசியல் சட்டத்தில் எல்லாம் இருக்கிறது என்று ஆள் அனுப்பிப் பேசியது தில்லி. நிறவெறி ஆட்சியை ஐ.நா.வுக்கு இழுத்த முதல் நாடு நாங்கள்தான் என்று மார்தட்டிக்கொள்ளும் அரசுதான் இது. தென்னாப்பிரிக்க வெள்ளையனும் அன்றைக்கு அதே வார்த்தையைத்தான் சொன்னான்: உள்நாட்டு விவகாரம். மாநாட்டின் இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் வரவில்லை. 2002இல் அந்த ஐ.நா. குழு வம்சாவளிப் பாகுபாட்டுக்கென்றே தனியாக ஒரு பொதுப் பரிந்துரையை வெளியிட்டு, சாதியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அதற்கும் மசியவில்லை.

அரசு சொல்வதை அரசு சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்கு அதன் பயம். பண்பாட்டு அரங்கு நடத்துகிற கனவான்களுக்கு என்ன வந்தது? அவர்கள் ஏன் அரசின் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்க்க வேண்டும்? மார்ச் 21 உலக இனவெறி எதிர்ப்பு நாள். 1960இல் அந்தத் தேதியில் ஷார்ப்வில்லில் 69 கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக மெழுகுவத்தி ஏற்றுவது நியாயம். நாமும் ஏற்றுவோம். ஆனால் அந்த மெழுகுவத்தியைப் பிடித்த கை வீட்டுக்குப் போய் 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று வாடகைக்குப் போர்டு எழுதினால், அந்த போர்டுக்கும் படத்தில் பார்த்த பெஞ்சுக்கும் நடுவில் எத்தனை கடல் தூரம்?

டர்பன் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. இந்த அரங்குகளின் அடிப்படை நம்பிக்கையே உலகம் என்பது வெளியிலிருந்து நமக்கு வருவது, படித்த வர்க்கம் அதை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும் என்பதுதான். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறையில் நின்றது. அது கிளம்பியது நம் சென்னையிலிருந்து. நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. இதற்கு முன்னும் பின்னும் மொரீஷியஸ், இலங்கை, பர்மா, மலேயா. போனவர்கள் எல்லாரும் சேரிக்காரர்கள் இல்லை, பல சாதியாரும் இருந்தார்கள். ஆனால் கப்பல் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் சாதிக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நம் சாதிப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் சமுத்திரத்தைத் தாண்டினான். சமுத்திரம் தாண்டினால் தீட்டு என்று மேல்சாதிக்காரன் சாஸ்திரம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த நகரத்தில் உலகத்தை முதலில் உடம்பால் அறிந்த கூட்டத்தில் நாமும் இருந்தோம். முதுகில் சாட்டை வாங்கித்தான் அறிந்தோம். ஒரு தேநீர்க் கோப்பையும் நமக்காக அங்கே காத்திருக்கவில்லை.

அப்படிப் போன உலகத்திலிருந்து நாம் கூலிக்காசு மட்டும் கொண்டுவரவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய் பௌத்தம் ஏற்றுத் திரும்பி சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. கோலார் தங்கவயல் தொழிலாளி அதைப் படித்தான். ரங்கூனில் படித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் படித்தார்கள். பௌத்தத்தின் உலக வரலாற்றை, சாதி எப்போது எப்படி வந்தது என்ற கேள்வியை ஒரு பைசாவுக்குத் தமிழில் கொடுத்த பத்திரிகை அது. இன்றைக்குச் சொல்கிறார்களே 'உலகப் பண்பாடுகளோடு உரையாடல்' என்று, அதை அன்றைக்கே ராயப்பேட்டையில் நடத்தியாகிவிட்டது. நடத்தியவர்கள் கையில் தூதரகம் எதுவும் இல்லை. ஸ்பான்சர் பேனர் இல்லை.

ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தவர். தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் இருந்தவர். 1930இல் பாபாசாகேப்போடு லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்தார். அரசரைப் பார்க்கப் போனபோது தன் சாதியை எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு போனார், கைகொடுக்க வந்த அரசரிடம் நான் தீண்டப்படாதவன் என்று கையை இழுத்துக்கொண்டார் என்று நம்மிடையே ஒரு கதை வழங்குகிறது. கதையில் கூட்டியது குறைத்தது இருக்கலாம். ஆனால் வட்டமேஜையில் அவர்கள் செய்த வேலை அதுதான்: உள்விவகாரம் என்று மூடி வைத்ததை உலகத்தின் மேஜையில் எடுத்து வைத்தார்கள். டர்பனுக்குப் போன நம் ஆட்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பாட்டன் போன வழியில் போனார்கள்.

உலகத்தோடு நமக்கு நேரடியாக ஒட்டு ஏற்பட்டால் ஆதிக்கச் சாதிக்கு என்ன ஆகிறது என்பதற்குக் கொடியங்குளம் சாட்சி. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம். பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பினார்கள். ஓட்டு வீடு, மெத்தை வீடு, டி.வி., டிராக்டர். தேவரிடம் கூலிக்கு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. 1995 ஆகஸ்டு 31ஆம் தேதி போலீஸ் படை பட்டப்பகலில் உள்ளே புகுந்தது. டி.வி.யை உடைத்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றில் விஷத்தைக் கலந்தார்கள். இதெல்லாம் ஆத்திரம் என்று வைத்துக்கொள்வோம். படித்த பிள்ளைகளின் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் தேடி எடுத்துக் கொளுத்தினார்களே, அது ஆத்திரமா? அது நிதானமாக யோசித்துச் செய்தது. அவர்களுக்குத் தெரியும், ஊரின் பிடி எங்கே அறுந்தது என்று. சரியாக ஆறு வருஷம் கழித்து, 2001இல் அதே ஆகஸ்டு 31ஆம் தேதி டர்பன் மாநாடு தொடங்கியது. அங்கே நம் அரசு, சாதி ஓர் உள்விவகாரம் என்றது. கொடியங்குளத்தில் எரிந்த பாஸ்போர்ட்டில் இருந்ததும் அதே சிங்க முத்திரைதான்.

இனி பண்பாட்டுக்கு வருவோம். 'நாங்கள் அரசியல் நடத்தவில்லை, பண்பாடு நடத்துகிறோம்' என்று நழுவுவார்கள். சரி, பண்பாட்டையே பார்ப்போம். 2017 அக்டோபரில் யுனெஸ்கோ சென்னையை உலகப் படைப்பு நகரங்களின் வரிசையில் சேர்த்தது. எந்தத் துறைக்கு? இசைக்கு. யாருடைய இசை என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கேட்காமலே எல்லாருக்கும் புரிந்தது. மார்கழி, சபா, கச்சேரி. இதே நகரத்தின் வடக்கில் சாவு வீட்டில் பிறந்து விடிய விடியப் பாடப்படும் கானா அந்தப் பட்டத்துக்குள் இருக்கிறதா? பறை இருக்கிறதா? 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியதும், 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியதும் யுனெஸ்கோ தந்த இடத்தில் அல்ல. நம் பிள்ளைகள் தாமே போட்டுக்கொண்ட மேடை அது. மார்கழியும் எங்களுக்கும்தான் வருகிறது என்று சொல்லிப் போட்ட மேடை.

பறை இல்லவே இல்லை என்று சொன்னால் அபாண்டம். இருக்கிறது. வாசலில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பறைக்குழு ஒன்றைப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு அழைத்தார்கள். ஆய்வுப் பொருள் 'உலகத் தாள மரபுகள்'. ஆப்பிரிக்கத் தாளம் பற்றி ஒரு கட்டுரை, கொரியத் தாளம் பற்றி ஒரு கட்டுரை. பறை பற்றியும் உண்டு, வாசித்தவர் பேராசிரியர். நம் ஆட்களுக்கு வேலை, காலை ஒன்பது மணிக்குக் காரிலிருந்து இறங்கும் விருந்தினர்களை வாசலிலிருந்து அரங்குவரை அடித்து அழைத்து வருவது. கதவு வரைக்கும் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். குழுவின் மூத்தவர், ஊரில் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக வாங்கிய வெட்டுக் காயம் தோளில் இருக்கிறவர், சாப்பிடாமல் கிளம்பினார். "ஊர்ல பொணத்துக்கு முன்னாடி அடிச்சோம், இங்க காருக்கு முன்னாடி அடிக்கச் சொல்றான்" என்றார். அடிக்க மறுத்ததும் பறையின் வரலாறுதான், அதை எந்தக் கட்டுரையில் சேர்த்தார்கள்?

சுவர் ஓவியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2000இலிருந்து நகரத்துக் குடிசைப் பகுதிகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கண்ணகி நகரில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்கே எந்த இளைஞனைக் கேட்டாலும் சொல்வான். 2020இல் அங்கே பெரிய பெரிய சுவர்களில் வண்ணம் தீட்டி 'கலை வட்டாரம்' என்று பெயர் சூட்டினார்கள். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேமரா கேட்பதில்லை. இதே காலத்தில், 2019 டிசம்பர் கடைசியில், பள்ளிக்கூடம் நடக்கிற நடுவருஷத்தில், தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகரை இடிக்கத் தொடங்கி ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்ட ஒரு பெண்ணின் பெயரை வைத்திருந்த பகுதி. பிறகு 2024இல் அதே தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் பார்முலா 4 கார் பந்தயம். சென்னை உலக வரைபடத்தில் ஏறிவிட்டதாம். ஏறட்டும். யாரை இறக்கிவிட்டு ஏறியது என்ற கணக்கையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு மையங்களை மட்டும் தப்ப விட முடியாது. ஜெர்மன் பண்பாட்டு மையத்துக்கு இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர், இந்தியாவில் கால் வைக்காதவர். இந்தியா என்றால் வேதம், இந்தியப் பண்பாடு என்றால் அக்கிரகாரம் என்று ஐரோப்பா ஒரு காலத்தில் முடிவு கட்டியது. அந்த முடிவு இன்னமும் பெயர்ப்பலகையில் இருக்கிறது. வருகிற வெள்ளைக்காரர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். தலித் நாடகத்துக்கு இடம் கொடுத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவன் யார், தொகுத்துக் கொடுக்கிறவன் யார், ஆங்கிலத்தில் குனிந்து காதோடு சொல்கிறவன் யார் என்று பாருங்கள். அந்த நாற்காலியில் நம் ஆளை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

இரண்டு பக்கத்திலிருந்து எதிர்ப்பு வரும். ஒருவர், வீட்டு அழுக்கை வெளியூரான் முன்னால் துவைக்கலாமா என்பார். இது எந்த வீடு? எங்களை வாசலுக்கு உள்ளேயே விடாத வீட்டுக்கு நாங்கள் எப்படிய்யா மானம் காப்பது? இன்னொருவர், இதெல்லாம் ஏகாதிபத்தியச் சதி, அந்நியப் பணம், வர்க்க ஒற்றுமையைக் குலைக்கிறது என்பார். அந்நியப் பணத்தைச் சந்தேகப்படுவது நல்லதுதான். நாமும் சந்தேகப்படுகிறோம். தலித் பெயரில் அறிக்கை எழுதி ஆகாய விமானத்தில் பறக்கிற சில அமைப்புகளைப் பற்றி இந்தப் பக்கங்களிலேயே எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகம் படம் பார்க்கப் போகும்போது வருவதில்லை, பிரெஞ்சு மொழி படிக்க மகளை அனுப்பும்போது வருவதில்லை, சேரிக்காரன் மைக்கைப் பிடிக்கும்போது மட்டும் வருகிறதே, ஏன்?

அதோடு இன்னொன்று. உள்விவகாரம் என்ற பேச்சு செத்துப் பல வருஷம் ஆகிறது. சாதியே விசா எடுத்துக்கொண்டு போய்விட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை 2023 பிப்ரவரி 21ஆம் தேதி சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. அங்கே சாதியைக் கொண்டுபோய் இறக்கியது யார்? மார்ட்டின் லூதர் கிங்கா? அதற்கு முந்தின ஆண்டு ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசுவதாக இருந்த கூட்டம், உள்ளேயிருந்து கிளம்பிய எதிர்ப்பால் ரத்தானது. தமிழ்க் குடும்பத்தில் வந்த தலித் பெண், அமெரிக்காவில் பிறந்தவர், உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. அங்கேயும் மைக்கைப் பிடுங்கியது அதே கைதான். சென்னை அரங்கில் 'உள்ளூர்ப் பிரச்சினை' என்று சிரித்தவரின் பிள்ளை அங்கே 'எங்களைப் புண்படுத்துகிறார்கள்' என்று மனு எழுதுகிறான். இங்கே உள்ளூர், அங்கே புண். பேசத்தான் எங்கே இடம்?

எனவே நமக்கு வேண்டியது கருணை டிக்கெட் அல்ல. பின்வரிசையில் நாலு தலித் மாணவர்களை உட்கார வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தைத் தமிழில் பேசுங்கள், அல்லது நேர்மையான மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். நுங்கம்பாக்கத்திலேயே வட்டமடிக்காமல் வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரிக்கு வாருங்கள். அங்கே பெஞ்சு இருக்கிறது, மின்விசிறி சுமாராக ஓடும், கேள்வி கேட்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கறுப்பர் எழுத்தாளர் வந்தால் எங்களையும் அவரையும் நேருக்கு நேர் உட்கார வையுங்கள். நடுவில் ஆள் வேண்டாம். நாங்கள் அவரிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் காந்தியின் வழியாக மட்டும் இந்தியாவைப் பார்த்துப் பழகியவர்கள். அதைப் பற்றி ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது, சகோதரச் சண்டை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. வருகிற மார்ச் 21ஆம் தேதிக்கு அரங்கம் கேட்டு இந்த நகரத்தின் நாலு பண்பாட்டு மையங்களுக்குக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறோம். நிகழ்ச்சி நிரலும் இணைத்திருக்கிறோம். முதலில் ஷார்ப்வில்லில் விழுந்த 69 பேருக்காக எழுந்து நிற்பது. பிறகு வெண்மணியில் எரிந்த 44 பேரின் பெயர்களையும் வயதையும் வாசிப்பது. அதற்கு அரை மணி நேரம். பிறகு 'வம்சாவளி என்ற சொல்லின் கதை' பற்றி ஒரு பேச்சு, தமிழில். கேள்வி நேரத்துக்கு வரம்பு இல்லை. வாடகை உண்டென்றால் கட்டத் தயார் என்றும் எழுதியிருக்கிறோம்.

மூன்று வாரம் ஆகிறது. மூன்று இடத்திலிருந்து பதில் இல்லை. ஓர் இடத்திலிருந்து மட்டும் போன் வந்தது. ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள். நிகழ்ச்சி தொடங்கும்போது பறையாட்டம் உண்டா என்று கேட்டார்கள்.